அணையில் பொங்கும் நுரை

ஓசூர்ப் பக்கம் போகிற குடும்பங்கள் தொரப்பள்ளியைப் பார்க்காமல் திரும்பக்கூடாது. ராஜாஜி 1878-ம் ஆண்டு டிசம்பர் 10-ந் தேதி பிறந்தது இந்தச் சிற்றூரில்தான். கவர்னர் ஜெனரலாக உயர்ந்தவரின் வீடு, இப்போது நினைவு இல்லம். பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டிய இடம்.

அப்படியே கெலவரப்பள்ளி அணைக்கும் போவீர்கள். தென்பெண்ணை ஆறு தமிழ்நாட்டுக்குள் வந்ததும் நிற்கும் முதல் அணை அது.

மழைக்காலத்தில் மதகைத் திறந்தால், ஆற்றின் மேல் வெள்ளை வெளேர் என்று நுரை குவியும். பஞ்சு மிட்டாய் என்று குழந்தைகள் கை நீட்டும். பெற்றோர்களே, விடாதீர்கள்! அது சாக்கடை நுரை.

ஆறு பிறப்பது கர்நாடகத்தில், நந்தி மலைப் பகுதியில். பிறக்கும்போது அழுக்கு இல்லை. பெங்களூர் ஓரமாக வரும்போது, பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளிலிருந்து வழியும் கழிவுநீர் கலக்கிறது. சோப்புத்தூள் கரைந்த தண்ணீர், மதகில் விழுந்து அடிபடும்போது நுரைக்கிறது.

இதே தண்ணீர்தான் வாய்க்கால் வழியே வயலுக்குப் போகிறது. 1957-ல் காமராஜர் திறந்து வைத்த கிருஷ்ணகிரி அணைக்கும், அதைத் தாண்டிச் சாத்தனூருக்கும் போகிறது.

நுரையை அடக்கினால் போதாது. கழிவுநீரைச் சுத்தம் செய்த பிறகே பெங்களூர் ஆற்றில் விட வேண்டும். நம் பக்கத்து ஆலைகளும் ஒழுங்காக இருந்தால்தான் நமக்குக் கேட்க வாய் இருக்கும்.

எல்லையில் மாதந்தோறும் தண்ணீரைச் சோதித்து, முடிவை அணைக்கட்டிலேயே பலகையில் எழுதி வைக்கட்டும். கொட்டை எழுத்தில், தமிழில்!