நாலாவது சிங்கம் எங்கே?

கோடை விடுமுறை வந்துவிட்டால் அசோக் நகரில் பல வீட்டு வாசல்களில் செருப்பின் எண்ணிக்கை இரண்டு மடங்காகிவிடும். ஊரிலிருந்து அத்தை வந்திருப்பார். கூடவே பாட்டி, இரண்டு வாண்டுகள். வந்த காப்பி ஆறுவதற்குள் கேள்வி எழும்: “மெட்ராஸ்ல என்னென்ன பாக்கலாம்?” வீட்டுக்காரர் விரல் விட்டு எண்ணத் தொடங்குவார். மெரினா, மியூசியம், பாம்புப் பண்ணை, வள்ளுவர் கோட்டம், மயிலாப்பூர், சாந்தோம், வண்டலூர், பெசன்ட் நகர். ஒரு கார் பேசினால் எல்லாவற்றையும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று தீர்மானம் நிறைவேறும்.

நடப்பது என்ன? பாதி நேரம் சிக்னலில் போகும். எழும்பூர் மியூசியத்துக்குப் போனால் அன்று வெள்ளிக்கிழமை, விடுமுறை. அங்கிருந்து மயிலாப்பூர் போய்ச் சேரும்போது மணி பன்னிரண்டரை, கோயில் நடை சாத்தியிருக்கும். இரவு வீடு திரும்பும் பாட்டிக்கு மிச்சம் கார் ஜன்னலும் முட்டி வலியும்தான். எழுபதைத் தாண்டியவருக்கு இன்னொரு சென்னைப் பயணம் எப்போது வாய்க்குமோ! அதனால், ஒரு நாளைக்கு இரண்டே இடம் என்று வைத்துக்கொள்வது நல்லது. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. நடுவில் வீட்டுச் சாப்பாடும் ஒரு குட்டித் தூக்கமும்.

முதல் வேலை காலண்டரைப் பார்ப்பது. எழும்பூர் அருங்காட்சியகத்துக்கும் புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்துக்கும் வெள்ளிக்கிழமை விடுமுறை. வண்டலூர் உயிரியல் பூங்கா, கிண்டி சிறுவர் பூங்கா, பாம்புப் பண்ணை மூன்றுக்கும் செவ்வாய் விடுமுறை. மெரினா கலங்கரை விளக்கத்தில் திங்கட்கிழமை ஏற முடியாது. கபாலீஸ்வரர் கோயிலுக்கு அதிகாலையிலோ மாலை நான்குக்கு மேலோ போகலாம். இந்த நாலு வரியை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்தாலே பாதி அலைச்சல் மிச்சம்.

இனி, அசோக் நகரிலிருந்து ஒரு நாளைத் தொடங்கலாம். முதல் காட்சிக்குக் காரும் வேண்டாம், டிக்கெட்டும் வேண்டாம். வெயில் ஏறுவதற்கு முன் வாண்டுகளை அசோக் பில்லருக்கு அழைத்துப் போய், கையில் ஒரு ரூபாய் நாணயத்தைக் கொடுத்து, “இதுல எத்தனை சிங்கம்?” என்று கேட்டுப் பாருங்கள். மூன்று என்பார்கள். “தூண்ல எண்ணிச் சொல்லு” என்றால் தலையைத் தூக்கியபடி சுற்றி வந்து நான்கு என்பார்கள். அசோகர் சாரநாத்தில் நிறுவிய தூணின் உச்சியில் நான்கு சிங்கங்கள் முதுகோடு முதுகு சேர்த்து நிற்கின்றன. அதைத்தான் 1950 ஜனவரி 26-ல் நம் நாடு தேசிய சின்னமாக ஏற்றது. தட்டையான நாணயத்தில் நாலாவது சிங்கம் பின்னால் ஒளிந்துகொள்கிறது. தினமும் பஸ் ஸ்டாப்பாக மட்டும் பார்த்துப் பழகிய தூணை அசோக் நகர்வாசிகளே ஒரு சுற்று சுற்றி வந்திருப்பார்களா என்பது சந்தேகம்தான். பக்கத்திலிருந்த உதயம் தியேட்டர் 1983-ல் வந்தது. இப்போது இல்லை. அங்கே முதல் படம் பார்த்த கதையை அத்தைக்குச் சொல்ல வேண்டுமானால், அதையும் இங்கேயே சொல்லிவிடலாம்.

அங்கிருந்து மெட்ரோ. சென்னையின் முதல் மெட்ரோ ரயில் 2015 ஜூன் 29-ல் கோயம்பேடு – ஆலந்தூர் இடையே ஓடியபோது, அதன் ஏழு நிலையங்களில் அசோக் நகரும் ஒன்று. சென்ட்ரல் போகும் ரயிலில் ஏறினால் எங்கும் மாறாமல் எழும்பூரில் இறங்கலாம். கோயம்பேடு வரை மொட்டை மாடிகளும் தண்ணீர்த் தொட்டிகளும் ஜன்னலில் ஓடும். பிறகு வண்டி சரிந்து பூமிக்குள் இறங்கும். பிள்ளைகளுக்கு அதுவே தனி வேடிக்கை. பாட்டிக்கு லிஃப்ட் உண்டு, ஏசி உண்டு, உட்கார இடமும் கிடைக்கும்.

எழும்பூர் நிலையத்திலிருந்து ஆட்டோவில் சில நிமிடங்களில் அருங்காட்சியகம். 1851-ல் தொடங்கியது. கட்டடங்கள் பல என்பதால் எல்லாவற்றையும் பார்க்க ஆசைப்படக் கூடாது. பாட்டிக்கு வெண்கலச் சிலைகள், பிள்ளைகளுக்குத் திமிங்கல எலும்புக்கூடு, எல்லோருக்கும் அமராவதி சிற்பங்கள். இவை போதும். சோழர் காலத் திருவாலங்காட்டு நடராஜர் இங்கேதான் இருக்கிறார். கோயிலில் அலங்காரத்துக்குள் மறைந்திருக்கும் உடலசைவை இங்கே விரல் நுனிவரை பார்க்கலாம். அமராவதிக் கற்கள் கிருஷ்ணா நதிக்கரையில் இருந்த பௌத்த ஸ்தூபியைச் சேர்ந்தவை. காலையில் அசோகர் தூணை எண்ணிய பிள்ளைக்கு, அந்த அசோகர் பரப்பிய சமயத்தின் கதைகள் கல்லில் எப்படி விரிகின்றன என்று காட்ட இதைவிட நல்ல இடம் சென்னையில் இல்லை.

“மிருகக்காட்சி சாலைக்கு எப்போ போறோம்?” என்று வாண்டு நச்சரித்தால், அதற்கும் இங்கே பதில் உண்டு. சென்னையின் மிருகக்காட்சி சாலை பிறந்ததே இந்த வளாகத்தில்தான். அருங்காட்சியகத்தின் முதல் பொறுப்பாளரான எட்வர்ட் பால்ஃபர் 1855-ல் அதைத் தொடங்கினார். பிறகு அது சென்ட்ரல் பக்கத்து பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போனது. அங்கும் இடம் போதாமல் 1985-ல் வண்டலூர் காட்டுக்குக் குடிபெயர்ந்தது. புலியை அடுத்த வாரம் பார்க்கலாம், அதன் பழைய முகவரியை இன்று பார்த்தாயிற்று.

பதினொன்றரைக்குள் வெளியே வந்துவிட வேண்டும். அதே மெட்ரோவில் வீடு. மோர் சாதம், மாவடு, ஃபேன் காற்று.

வெயில் தணிந்ததும் மெரினா. இந்தக் கடற்கரையின் பெரும்பகுதி மணலுக்கு வயது அதிகமில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகம் கட்டியபோது, வடக்கு நோக்கி நகரும் மணல் அதன் தெற்கே தேங்கத் தொடங்கியது. அப்படி அகன்ற கரையில்தான் 1880-களில் கவர்னர் கிராண்ட் டஃப் நடைபாதை அமைத்து ‘மெரினா’ என்று பெயரிட்டார்.

மணல் அகன்றதால் பாட்டிகளுக்குத்தான் கஷ்டம். சாலையிலிருந்து அலை வரை புதையும் மணலில் நடக்க முடியாமல், “நீங்க போயிட்டு வாங்க, நான் கார்லயே இருக்கேன்” என்று சொல்லிவிடுவார்கள். கடலைப் பார்க்க வந்தவர் கடலின் சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பிய கதைகள் எத்தனையோ! 2022 நவம்பரில் விவேகானந்தர் இல்லம் அருகே மாற்றுத்திறனாளிகளுக்காக நிரந்தர மரப்பாதை திறக்கப்பட்டது. அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியது. பிறகு சரிசெய்தார்கள். சக்கர நாற்காலியும் ஊன்றுகோலும் கடலை நெருங்க அதுவே வழி. ஒரு காலத்தில் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஐஸை வைத்திருந்த ஐஸ் ஹவுஸ்தான் இந்த விவேகானந்தர் இல்லம் என்பதைப் போகிற வழியில் சொல்லலாம்.

ஒரு கண்டிப்பு மட்டும் அவசியம். மெரினாவில் கால் நனைப்பது வேறு, கடலில் இறங்குவது வேறு. கரை மெதுவாகச் சரிவதில்லை, சில அடிகளிலேயே ஆழமாகிவிடும். திரும்பும் அலை காலுக்கடியில் உள்ள மணலையும் சேர்த்து இழுக்கும். முழங்கால் அளவு தண்ணீர்தானே என்று நிற்கும் வளர்ந்த பிள்ளையையே அது சாய்த்துவிடும். நீச்சல் தெரிந்தவர் என்பது அங்கே பெரிய பாதுகாப்பில்லை. பெரியவர்களில் ஒருவர் செல்போனைப் பைக்குள் போட்டுவிட்டு, பிள்ளைகளை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். சுண்டல் அவருக்கு அப்புறம்.

இருட்டியதும் கிளம்பினால் எட்டு மணிக்குள் அசோக் நகர். பட்டியலில் இன்னும் ஆறு இடம் பாக்கி என்று யாராவது குறைப்பட்டுக்கொள்ளலாம். பாட்டியின் புடவை ஓரம் ஈரமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், அது போதும். நாளைக்கு வண்டலூர் என்று வாண்டு கேட்டால் சரி சொல்லலாம், செவ்வாய்க்கிழமையாக இல்லாமல் இருந்தால்.