வீடு அவன் பேரில், கடன் அவள் பேரில்!

“உட்கார்ந்து சாப்பிட்டவளுக்கு வீட்டில் எதற்குப் பாதி?”

இப்படிக் கேட்டவர் மில் முதலாளி அல்ல, பண்ணையாரும் அல்ல. நம்மோடு கேட் கூட்டத்தில் நின்று, போனசுக்காகத் தொண்டை கிழியக் கோஷம் போட்ட ஒரு ஸ்பின்னிங் தொழிலாளிதான்!

அவர் மனைவி சென்ற மாதம் சங்க அலுவலகத்துக்கு வந்தார். இருபது வருஷக் குடித்தனம். கணவருக்கு ஆறு மணி ஷிப்டென்றால் அந்த அம்மாள் நாலு மணிக்கே அடுப்புப் பற்றவைத்து, கேரியர் கட்டிக் கொடுத்துவிட்டுக் களையெடுப்புக்குப் போவார். திரும்பி வந்தால் ஆடு, குழந்தைகள், மாமியாருக்குப் பணிவிடை. மூன்று சென்ட் மனை வாங்க அவர் கழுத்துச் சங்கிலி அடகுக்குப் போயிற்று. மீட்க முடியாமல் ஏலத்திலும் போயிற்று. பத்திரம் கணவர் பேரில். தளம் போட மகளிர் குழுவில் வாங்கிய கடனோ மனைவி பேரில். இப்போது கணவர் வேறு குடும்பம் வைத்துக்கொண்டு விவாகரத்துக் கேட்கிறார்.

“அண்ணே, வீடு அவரு பேருல இருக்கு, கடன் எம்பேருல இருக்கு. கோர்ட்டு எதைப் பிரிச்சுக் குடுக்கும்?” என்றார் அந்த அம்மாள்.

சட்டம் என்ன சொல்கிறது? 1955-ம் வருஷத்து இந்து விவாகச் சட்டத்தின் 27-வது பிரிவின்படி, கல்யாணத்தின்போதோ அதையொட்டியோ வந்து, இருவருக்கும் பொதுவாக உள்ள பொருள்களைப் பற்றிக் கோர்ட்டு உத்தரவிடலாம். அண்டா, குண்டா, கட்டில், பீரோ! பிறகு இருபது வருஷம் இருவரும் உழைத்துச் சேர்த்ததைப் பாதியாகப் பிரிக்க அதில் வழியில்லை. 25-வது பிரிவின்கீழ் ஜீவனாம்சம் கேட்கலாம். ஆனால் அது பங்கு அல்ல, படியளப்பு. இரு தரப்பும் சொத்துக் கணக்கைப் பிரமாணமாகத் தாக்கல் செய்ய வேண்டுமென்று சுப்ரீம் கோர்ட்டு 2020-ல் உத்தரவிட்டது. அதுவும் படியை அளப்பதற்குத்தான்.

சங்கிலியின் கதையைப் பாருங்கள். 1956-ம் வருஷத்து இந்து வாரிசுச் சட்டப்படி பெண்ணின் நகை முழுக்க அவளுக்கே சொந்தம். நகையாக இருந்தவரை அவளுடையது; மனையாக மாறியதும் அவனுடையது! சிவில் கோர்ட்டில் தனி வழக்குப் போடலாம். அதற்கு ருசு வேண்டும். கணவனிடம் ரசீது வாங்கிக்கொண்டா பெண்கள் சங்கிலியைக் கழற்றிக் கொடுக்கிறார்கள்?

மில் தோழரே, முதலாளி நம்மிடம் என்ன சொல்கிறான்? “மிஷின் என் பேரில், கட்டிடம் என் பேரில், ஆகவே லாபமும் எனக்கே” என்கிறான். நாம் ஒப்புக்கொள்கிறோமா? விவசாயத் தோழரே, பட்டாவைக் காட்டி விளைச்சலை அள்ளிய மிராசுதாரிடம், “உழுதவன் எங்கே போவான்?” என்று கேட்டவர்கள் அல்லவா நாம்? வாசற்படி தாண்டி வீட்டுக்குள் நுழைந்ததும் அதே முதலாளியின் பாஷை நம் வாயில் எப்படி வந்தது?

உட்கார்ந்து சாப்பிட்டாளாம்! 2001 ஜனத்தொகைக் கணக்கில் வீட்டு வேலை செய்யும் பெண்களைப் பிச்சைக்காரர்களோடும் கைதிகளோடும் சேர்த்து, உழைக்காதவர்களாக எழுதியிருந்தார்கள். 2010-ல் சுப்ரீம் கோர்ட்டே அதைக் கண்டித்தது.

2023 ஜூனில் சென்னை ஹைகோர்ட்டு நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி ஒரு தீர்ப்பளித்தார். கணவர் சவுதியில் சம்பாதித்தார்; மனைவி ஊரில் பிள்ளைகளை வளர்த்துக் குடும்பத்தைக் காத்தார். பின்னால் சொத்துத் தகராறு. அவள் வீட்டைப் பார்த்துக்கொண்டதால்தான் அவனால் வெளியே போய்ச் சம்பாதிக்க முடிந்தது, ஆகவே அந்தச் சம்பாத்தியத்தில் வாங்கியதில் அவளுக்கும் சமபங்கு உண்டு என்றார் நீதிபதி. அவன் வேலை எட்டு மணி நேரம். அவள் வேலைக்கு ஓய்வு நாளே கிடையாது என்றும் சொன்னார்.

நல்ல தீர்ப்பு. ஆனால் இதற்கென்று சட்டம் இல்லை என்பதையும் அதே தீர்ப்புத்தான் சொல்கிறது. ஒரு நீதிபதியின் நியாய உணர்ச்சியை நம்பி எத்தனை பெண்கள் ஹைகோர்ட்டு வரை வக்கீல் பீஸ் கட்டுவார்கள்?

சட்டம் வராமலும் இல்லை, வந்து செத்தது! விவாகரத்தின்போது கணவனின் சொத்திலிருந்து மனைவிக்குப் பங்கு தரும் மசோதா 2013 ஆகஸ்டில் ராஜ்யசபாவில் நிறைவேறியது. லோக்சபாவில் நிறைவேறவில்லை, 2014-ல் சபை கலைந்தபோது காலாவதியாயிற்று. “குடும்பம் சிதைந்துவிடும்” என்று கூச்சல் போட்டவர்கள் கோவாவைப் பார்க்கட்டும். 1867-ம் வருஷத்துப் போர்த்துக்கீசியச் சட்டத்தின் வழியில் அங்கே, வேறு ஒப்பந்தம் எழுதிக்கொள்ளாத தம்பதிகளின் சொத்து இருவருக்கும் பாதிப்பாதி. அங்கே குடும்பங்கள் இல்லையா?

“கூலிக்காரனிடம் பிரிக்க என்ன இருக்கிறது?” என்பார் சிலர். மூன்று சென்ட் இருக்கிறது. பி.எப். பணம், கிராஜுவிட்டி இருக்கிறது. கடனும் இருக்கிறது; அதையும் சேர்த்தே பிரிக்கட்டும். இனி மனை வாங்கும் தோழர்கள் ரிஜிஸ்தர் ஆபீசில் இரண்டு பேரையும் எழுதச் சொல்லுங்கள். அதற்குச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

அந்த அம்மாளின் வழக்கு அடுத்த மாதம் வருகிறது. சங்கிலியை அடகு வைத்த சீட்டு அவர் பேரிலேயே இருக்கிறதாம். டிரங்குப் பெட்டியில், துணிக்கு அடியில். பெட்டி வீட்டுக்குள் இருக்கிறது. வீட்டுக்கு நம் தோழர் புதுப்பூட்டுப் போட்டிருக்கிறார்.