கழுத்துல பாரம் ஏத்துறது மாட்டுக்குத்தானுங்க

புதுசா பைனாகுலர் வாங்கினா பெட்டிக்குள்ள ஒரு கறுப்பு நாடாவைச் சுருட்டி வெச்சிருப்பாங்க. கழுத்துல மாட்டிக்கணுமாம். அந்த நாடாவை அவுத்துக் கடாசுங்கன்னு சொல்லத்தான் இன்னைக்கு எழுதறேன். அது இருக்கிற வரைக்கும் பைனாகுலர் உங்க கூட வயலுக்கு வராது. ஆணியிலதான் தொங்கும்.

நம்மாளுங்க நிலைமையைப் பாருங்க. மலையோரத்துல பண்ணையம் பாக்கிற பல பேர் வீட்டுல இப்ப சின்ன பைனாகுலர் ஒண்ணு இருக்கு. 8×25 ரகம். 300 கிராம் சுமாருக்கு இருக்கும், மடக்கினா உள்ளங்கையில அடங்கும். வாங்கின முதல் வாரம் பேரன் பேத்தி முதற்கொண்டு எல்லாரும் மலையைப் பாத்தாச்சு. அதுக்கப்புறம் பீரோவுக்குப் போயாச்சு. சோளக்காட்டுல தட்டு முறியற சத்தம் கேட்டா இன்னைக்கும் வெறுங்கண்ணோட, கையில ஒரு தடியும் டார்ச்சுமா வரப்புல எறங்கி ஓடுறோம்.

இது விளையாட்டு விசயம் இல்லைங்க. 8 மடங்கு பெருக்கிக் காட்டுற கண்ணாடியில 400 மீட்டர்ல நிக்கிறது 50 மீட்டர்ல நிக்கிற மாதிரி தெரியும். அந்திக்கு வாழைத்தோப்பு ஓரத்துல அசையறது எருமையா யானையா, ஒத்தையா கூட்டமா, கூட குட்டி இருக்கான்னு வீட்டுத் திண்ணையில இருந்தே தெரிஞ்சுக்கலாம். குட்டியோட நிக்கிற யானைக்கிட்ட தெரியாம போய் நிக்கிறதும், தெரிஞ்சு ஒதுங்கி நின்னு வனத்துறைக்குப் போன் பண்றதும் ஒண்ணாயிடுமா? கண்ணு முன்னால போகணும், காலு பின்னால போகணும். ஆனா கண்ணாடி பீரோவுல இருந்தா காலுதான் முதல்ல போகுது.

ஏன் பீரோவுக்குப் போச்சு? கேட்டுப் பாத்தா எல்லாரும் ஒரே பதில்தான் சொல்றாங்க: "அதை மாட்டிட்டு வேலை செய்ய முடியறதில்லைங்க." அவங்க சொல்றது சரிதான். குத்தம் கண்ணாடியில இல்லை, நாடாவுல.

நம்ம சனங்க சுமை தூக்கத் தெரியாதவங்களா? புல்லுக்கட்டுன்னா தலையில சும்மாடு. தண்ணிக்குடம்னா இடுப்பு. ரெண்டு பக்கமும் பாரம்னா தோள்ல காவடி. 16 லிட்டர் மருந்து டேங்கை ரெண்டு தோள்லயும் வார் மாட்டி முதுகுல ஏத்திக்கிறோம். எங்கயாவது யாராவது சுமையைக் கழுத்துல தொங்க விட்டுப் பாத்திருக்கீங்களா? கழுத்துல பாரம் வெக்கிறது நுகத்தடி பூட்டின மாட்டுக்குத்தான். அந்த மாட்டுக்கே கழுத்து புண்ணாயிடக் கூடாதுன்னு பாத்துப் பாத்துப் பூட்டுனவங்க நம்ம அப்பாரு காலத்து ஆளுங்க. 300 கிராம் ஒரு பாரமான்னு கேக்கலாம். கால் மணி நேரத்துக்கு ஒண்ணும் இல்லை. காலையில 6 மணிக்கு மாட்டி 10 மணி வரைக்கும் குனிஞ்சு நிமிந்து வேலை செஞ்சு பாருங்க, பிடரி பதில் சொல்லும்.

பாரத்தை விட மோசம் அது ஆடுறது. மடை திருப்பக் குனிஞ்சா முன்னால ஊசலாடும், மண்வெட்டிக் காம்புல இடிக்கும், வாய்க்கால் தண்ணியில முங்கும். கிளுவை வேலியைத் தாண்டுனா கிளையில மாட்டும். பரண் ஏறினா ஏணிப்படிக்கும் நெஞ்சுக்கும் நடுவுல சிக்கும். மோட்டார் பெல்ட்டு, கதிரடிக்கிற மெஷினு, டிராக்டருக்குப் பின்னால சுத்துற ஷாஃப்ட்டு பக்கத்துல போறப்ப கழுத்துல தளர்ந்து தொங்குற எந்தக் கயிறும் தூக்குக்கயிறுதான். துண்டையும் சேலைத் தலைப்பையும் இழுத்துச் செருகிட்டுப் போன்னு பொம்பளைங்களுக்குச் சொல்றோம். இந்த நாடாவை மட்டும் என்னமோ நகை மாதிரி மாட்டிட்டுத் திரியறோம்.

"சட்டைப் பையில போட்டுக்கிறேன்"னு ஒரு கூட்டம். குனிஞ்சா பையில இருக்கிற பீடிக்கட்டே விழுகுது, பைனாகுலர் நிக்குமா? கிணத்து மேட்டுல எட்டிப் பாக்கறப்ப விழுந்தா தண்ணிக்குள்ள போயிடும், தேடி எடுக்க ஆள் எறக்கணும்.

இதுக்கு வெளிநாட்டுக்காரன் ஒரு வழி வெச்சிருக்கான், இல்லைங்கல. அமெரிக்காவுல மேற்குப் பக்க மலைகள்ல மான் வேட்டைக்குப் போறவங்க பாதி நேரம் சுடறதில்லை, உக்காந்து பைனாகுலர்ல மலைச்சரிவைத் துழாவிட்டே இருப்பாங்க. அதுக்காக ரெண்டு தோள்லயும் வார் போட்டு நெஞ்சோட கட்டிக்கிற ஏற்பாடு ஒண்ணு வந்துச்சு. நல்ல யோசனை. நம்ம நாட்டுல 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு அப்புறம் வேட்டைக்கு இடமில்லை. ஆனா பாத்துக் காவல் காக்கிறதுக்குத் தடை ஏதும் இல்லையே, அந்த வாரை மட்டும் எடுத்துக்கலாம்.

ஆனா ஆன்லைன்ல தேடினா உங்க தலையில கட்டப் பாக்கிறது வாரை இல்லைங்க, நெஞ்சுப் பெட்டி. கனமான துணி, உள்ளார பஞ்சு மெத்தை, மூடி, காந்தம், பக்கத்துக்கு ரெண்டு உறை. அரைக் கிலோவைத் தொடுற பெட்டியெல்லாம் இருக்கு. அது 700, 800 கிராம் எடை உள்ள பெரிய 8×42, 10×42 பைனாகுலருக்கு, குளிர் தேசத்துல கோட்டு மேல போட்டுக்கத் தைச்சது. நம்ம சித்திரை வெயில்ல வெறும் பனியனுக்கு மேல அதைக் கட்டினா நெஞ்சுல இட்லி அவிக்கலாம். 300 கிராம் கண்ணாடிக்கு 500 கிராம் பெட்டி! சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்னு சும்மாவா சொன்னாங்க. எங்கிட்டயும் ஒரு ஆன்லைன் கடைக்காரர் எடை குறைவுன்னு போட்டு வித்தார். வந்ததைத் தராசுல வெச்சுப் பாத்தா கண்ணாடியை விடக் கனம். திருப்பி அனுப்பியாச்சு.

நமக்கு வேண்டியது என்ன? ரெண்டு தோளுக்கு ரெண்டு வளையம், முதுகுல ஒரு கூட்டு, முன்னால ரெண்டு கொக்கி. அவ்வளவுதான். இதை உள்ளூர்லயே பண்ணிக்கலாம்.

பிள்ளைங்களோட பழைய ஸ்கூல் பை இருக்குமே, அதுல இருக்கிற முக்கால் அங்குல நாடா போதும். ஒரு தோள் வளையம் உங்க தோள் மேலயும் அக்குளுக்குக் கீழயும் சுத்தி நெஞ்சுக்கு வர்ற அளவு. ஆளைப் பொறுத்து ரெண்டுக்கும் சேத்து ரெண்டரை மீட்டர் சுமாருக்கு ஆகும். அக்குளுக்குக் கீழ வர்ற துண்டை மட்டும் டெய்லர் கடையில கிடைக்கிற பட்டை எலாஸ்டிக்கா வெச்சுக்கங்க. கண்ணாடியைக் கண்ணுக்குத் தூக்கறப்ப அது நீளும், விட்டா நெஞ்சோட இழுத்துப் புடிச்சுக்கும். முதுகுல ரெண்டு வளையமும் சேர்ற எடத்துல உள்ளங்கை அகலத் தோலோ ரெக்சினோ வெச்சு, செருப்புத் தைக்கிறவர்கிட்ட நைலான் நூல்ல ரெட்டைத் தையல் போடச் சொல்லுங்க. பை தைக்கிறவரும் பண்ணித் தருவார்.

முன்பக்கம்தான் கவனிக்கணும். சின்ன பைனாகுலர்ல நாடா கோக்கிற துளை ரொம்பக் குறுகல், அகல நாடா நுழையாது. மெல்லிசான நைலான் கயித்துல சின்ன வளையம் போட்டு, அதுல பிளாஸ்டிக் கிளிப்பை மாட்டுங்க. வாங்கறப்பவே ரெண்டு பக்கமும் துளை இருக்கான்னு பாத்துடுங்க. இரும்புக் கொக்கி வேண்டாம், கிணுகிணுன்னு சத்தம் போடும். ஒட்டிப் பிரிக்கிற வெல்க்ரோவும் வேண்டாம், அதைப் பிரிக்கிற 'பர்ர்' சத்தம் காட்டுப் பன்னிக்குத் தண்டோரா போட்ட மாதிரி. பளபளன்னு மின்னுறதும் ஆகாது.

கண்ணாடி நெஞ்சுக்குழிக்கு நாலு விரல் மேல நிக்கணும். வாருக்கும் உடம்புக்கும் நடுவுல ரெண்டு விரல் நுழையணும். குனிஞ்சு பாருங்க: முன்னால ஒரு சாண் ஆடுச்சுன்னா தளர்த்தி. மூச்சு இழுத்தா புடிச்சா இறுக்கம். கிளிப் ஒத்தைக் கையில அழுத்தினா அவுந்துடணும், ஏன்னா முள்ளுல மாட்டி நிக்கிறப்ப ரெண்டு கையும் ஒழிவா இருக்காது. சுத்துற மெஷின்கிட்ட போறப்ப இதையும் கழட்டி வெச்சுட்டுத்தான் போகணும். வேர்வையும் வெயிலும் எலாஸ்டிக்கைத் தின்னுடும். தொய்ஞ்சா மாத்திடுங்க, சோம்பேறித்தனம் பண்ணாதீங்க.

பொம்பளைங்களுக்கு இது ரெண்டு மடங்கு வேணும். விக்கிறதெல்லாம் ஆம்பளை உடம்புக்கு அளவெடுத்தது. சேலைக்கு மேல சட்டை போட்டுட்டு வேலை செய்யற நம்ம வீட்டு அம்மணிங்களுக்கு அது ஒக்காராது. அவங்க அளவுக்குத் தனியாத் தைச்சுக் குடுங்க. பல வீட்டுல காலையில முதல்ல தோட்டத்துக்குப் போறது அவங்கதானே?

"ராத்திரியில பைனாகுலர்ல என்ன தெரியும்"னு கேப்பீங்க. நியாயம்தான். 8×25 கண்ணாடியில கண்ணுக்கு வர்ற வெளிச்ச வட்டம் 3 மில்லிமீட்டர் சொச்சம்தான், இருட்டினா மங்கிடும். ஆனா மிருகம் எறங்குறதும் ஏறுறதும் அந்தியும் விடியலும்தானே. அந்த ரெண்டு வேளையிலயும் கொஞ்சம் வெளிச்சம் இருக்கறப்பவே கண்ணாடி நெஞ்சுல இருந்தாத்தான் பிரயோசனம். "செல்போன்ல பெருசாக்கிப் பாத்துக்கிறேன்"ங்கிறவங்க ஒரு தடவை அந்தி நேரத்துல தூரத்துல நிக்கிற யானையை அப்படிப் பாருங்க. சாம்பல் கலர்ல ஒரு கறை தெரியும். பாறையா யானையான்னு பட்டிமன்றம் வெக்கலாம்.

இவ்வளவு கோவம் எதுக்குன்னா, பாக்காம செய்யற காவல் எங்க போய் முடியுதுன்னு நாம பாத்தாச்சு. 2023 மார்ச்சுல தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி பக்கம் வயலுக்குப் போட்ட மின்வேலியில ஒரே ராத்திரி மூணு யானை செத்துச்சு. குட்டிங்க ரெண்டும் செத்த யானைங்களைச் சுத்திச் சுத்தி நின்னுச்சு. பன்னிக்கு வெச்ச அவுட்டுக்காயைக் கடிச்சு வாய் கிழிஞ்ச யானைங்க கதை நம்ம பக்கத்துல யாருக்குத் தெரியாது? கம்பிக்கும் வெடிக்கும் யாரு வர்றாங்கன்னு தெரியாது. யானையா, பன்னியா, விடியக்காலம் தண்ணி கட்ட வர்ற பக்கத்துத் தோட்டத்துக்காரரான்னு அதுங்க பாக்கிறதில்லை. பாக்கிறது நம்ம வேலை.

விளைஞ்சது அழியறப்ப வயிறு எரியும், எனக்கும் எரியுது. ஆனா எரியற வயித்தோட இருட்டுக்குள்ள ஓடறதுக்கு முன்னால ஒரு நிமிசம் நின்னு பாக்கிறதுக்குக் கண்ணாடி கைக்கு எட்டுற எடத்துல இருக்கணும். பீரோவுல இருக்கிறது எட்டாது. கழுத்து நாடாவுல இருக்கிறதை நாலாம் நாளே கழட்டி வெச்சுடுவீங்க. ஒரு பழைய பையும் ஒரு மணி நேரத் தையலும்தான் செலவு. இந்தச் சந்தைக்குப் போறப்ப பையை எடுத்துட்டுப் போங்க.