பீரோவில் பூட்டச் சொல்லும் பேரறிவு

தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளின் இணையப் பாதுகாப்பு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அதன் சாரம் இவ்வளவுதான்: பிள்ளை இணையத்தில் கெட்டால் குற்றவாளி தாய். சோறு ஊட்டுவதற்காகப் போனைக் கொடுத்தவள் அவள். போனைப் பிடுங்கிப் பீரோவில் பூட்டினால் தீர்ந்தது. அதையும் மீறி ஏதேனும் நடந்துவிட்டால் வெளியே மூச்சுவிடாமல் வீட்டுக்குள்ளேயே முடித்துக்கொள்ள வேண்டும். கட்டுரை முழுக்கத் தேடியும் அப்பா தட்டுப்படவில்லை. வேலைக்குப் போயிருப்பார் போலிருக்கிறது. (கட்டுரையாளர் வாழும் தமிழ்நாட்டில் அம்மாக்கள் யாரும் வேலைக்குப் போவதில்லை.)

போனைக் கொடுத்தது யார் என்று அவரே கேட்டுவிட்டதால் சொல்கிறேன். கொரோனாவால் 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1 அன்று. இடைப்பட்ட காலத்தில் எத்தனையோ வீடுகளில் கடன் வாங்கிப் போன் வாங்கினார்கள். பாடம் அதில்தான் நடந்தது. பதின்மூன்று வயதுக்குக் கீழே உள்ளவர்கள் வாட்ஸ்அப் பயன்படுத்தக் கூடாது என்பது அப்போது அந்த நிறுவனத்தின் விதி. இரண்டாம் வகுப்பின் வீட்டுப்பாடம் அந்த வாட்ஸ்அப்பில்தான் வந்தது, பல பள்ளிகளில் இன்றும் வருகிறது. பீரோவுக்குள் இருக்கும் போனில் அதைப் பார்ப்பது எப்படி என்று ஒரு வரி எழுதியிருக்கலாம்.

இணைய நிறுவனங்களைக் குறை சொல்வது கத்தியைக் குறை சொல்வது போலாம், அதுவும் கட்டுரையில் இருக்கிறது. எந்தக் கத்தி ஐயா, பிள்ளை எதை எவ்வளவு நேரம் பார்த்தது என்று குறித்துவைத்துக்கொண்டு அடுத்ததைத் தானாக நீட்டுகிறது? 2019இல் யூடியூப் மீது அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையம் தொடுத்த வழக்கை அவர் படிக்க வேண்டும். ஆறு முதல் பதினொரு வயதுப் பிள்ளைகளைச் சென்றடைவதில் பெரிய டிவி சேனல்களையும் விட நாங்களே முன்னணி என்று பொம்மை நிறுவனமான மட்டெலிடம் பெருமையடித்திருக்கிறார்கள். ஒரு விளம்பர நிறுவனத்திடமோ, பதின்மூன்று வயதுக்குக் கீழே எங்களிடம் ஆளே இல்லை, அதனால் சிறுவர் தகவல் பாதுகாப்புச் சட்டம் எங்கள் சேனல்களைக் கட்டுப்படுத்தாது என்று சாதித்திருக்கிறார்கள். வழக்கு 17 கோடி டாலருக்குச் சமரசத்தில் முடிந்தது. அதற்கு இரண்டு ஆண்டு முன்புதான், பெப்பா பன்றி பல் மருத்துவரிடம் வதைபடுவது போன்ற போலிக் கார்ட்டூன்கள் பிள்ளைகளின் திரைக்கு வந்தது அம்பலமானது. சிறுவர்களுக்கென்றே செய்த யூடியூப் கிட்ஸிலும் அவ்வகை வீடியோக்கள் புகுந்திருந்தன. அதை நம்பிப் போனைக் கொடுத்த தாய், கட்டுரையாளரின் கணக்கில் எந்த வகைக் குற்றவாளி?

இதையெல்லாம் கூட அறியாமை என்று விட்டுவிடலாம். பிடுங்கச் சொல்லும் யோசனையை விட முடியாது, அது ஆபத்தானது. விளையாட்டுச் செயலிகளின் சாட் வழியாகப் பிள்ளைகளை வளைக்கிறவன் எடுத்த எடுப்பில் மிரட்டுவதில்லை. முதலில் நாணயம் தருவான், தோற்ற ஆட்டத்தை ஜெயிக்க உதவுவான், அப்புறம் ஒரு படம் கேட்பான். படம் கைக்குப் போனதும் அவன் கையாளும் மிரட்டல்களில் ஒன்று இது: அம்மாகிட்ட சொன்னா உனக்குத்தான் அடி விழும், போனையும் பிடுங்கிடுவாங்க. எட்டு வயதுப் பிள்ளை இதை நம்பாமல் என்ன செய்யும்? வீட்டில் நடப்பதும் அதுதானே. கட்டுரையாளர் சிபாரிசு செய்யும் தண்டனைதான் அந்த ஆளின் ஆயுதம். சொன்னால் திட்டு விழாது, போன் பறிபோகாது என்று பிள்ளைக்கு உறுதியாகத் தெரிந்திருந்தால் முதல் மிரட்டலிலேயே விஷயம் வீட்டுக்கு வந்துவிடும்.

பெற்றோருக்கு வேலையே இல்லை என்று நான் சொல்லவில்லை. முன்பின் தெரியாதவர்களோடு பேசும் வசதியை அணைத்துவைக்கலாம். பிள்ளைக்குப் பாடமாகிப்போன யுபிஐ ரகசிய எண்ணை மாற்றலாம். ஆனால் நம் வீடுகளில் போன் ஒன்று, அது அம்மாவின் பெயரில், அம்மாவின் கணக்கில். திரைக்கு அப்பால் இருக்கும் கணினிக்கு அதைத் தொடுவது முப்பது வயதுப் பெண்தான். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களைப் பின்தொடர்வதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் தடுக்கும் சட்டம் நம் நாட்டில் 2023இல் வந்தது. விதிகள் 2025 நவம்பரில் வந்தன. பிள்ளைகள் தொடர்பான கடமைகளுக்கு அதற்குப் பிறகும் பதினெட்டு மாத அவகாசம். வயதையே கேட்காத ஒரு போனில் அந்தச் சட்டம் எப்படி வேலை செய்யும் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. அவர் சோற்றுக் கிண்ணத்தை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

கடைசியாக, வீட்டுக்குள்ளேயே முடித்துக்கொள்ளச் சொன்ன யோசனை. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், 19ஆவது பிரிவு: குழந்தைக்கு எதிராகப் பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தவர் யாராக இருந்தாலும் போலீசில் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிக்காதவருக்கு 21ஆவது பிரிவில் தண்டனை உண்டு. இணையம் வழியாக நடந்த குற்றத்துக்கும் இது பொருந்தும். மானம் போய்விடும் என்ற பயத்துக்கும் அதே சட்டத்தில் பதில் இருக்கிறது; குழந்தையின் அடையாளத்தை ஊடகங்கள் வெளியிடக் கூடாது என்று 23ஆவது பிரிவு தடுக்கிறது. ஆக, கட்டுரையாளர் வாசகர்களுக்குப் பரிந்துரைத்திருப்பது தண்டனைக்குரிய குற்றம். தாய்மார்களைப் பற்றிய அவருடைய மற்ற கருத்துகளை அவரே வைத்துக்கொள்ளட்டும். இந்த ஒன்றுக்கு மட்டும் அடுத்த இதழில் திருத்தம் வர வேண்டும், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணோடு, மூலக் கட்டுரை வந்த அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில்.