3 புலிக்கு ஏன் 15 ஆடு?

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த வாரம் கோலியனூரில் எந்தத் திண்ணையில் உட்கார்ந்தாலும் ஒரே பேச்சுதான். கட் ஆஃப் எவ்வளவு, கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்குமா? பிள்ளை வாயைத் திறந்து "கேம் டிசைன் படிக்கட்டுமாப்பா" என்று கேட்டால் போச்சு. ரம்மியில் வீட்டை இழந்தவன் கதையெல்லாம் அவன் தலையில்தான் விடியும். பெற்றோர்களே, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்து 2025-இல் மத்திய அரசு கொண்டுவந்த சட்டமே, இ-ஸ்போர்ட்ஸையும் பணம் வைக்காத ஆட்டங்களையும் தனியாகப் பிரித்து வைத்திருக்கிறது. நமக்கு மட்டும் எல்லாம் ஒரே குட்டை.

நம்மில் இன்னொரு கட்சியும் உண்டு. பையன் ராத்திரியெல்லாம் செல்லும் கையுமாகக் கிடக்கிறான், அவனுக்கு இதுதான் வரும் என்று கடன் வாங்கி ஏதோ ஒரு டிப்ளமோவில் தள்ளிவிடுகிறவர்கள். தினம் ஒரு படம் பார்க்கிறவன் டைரக்டர் ஆகிவிடுவானா?

ஆடு புலி ஆட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 23 புள்ளி, 3 புலி, 15 ஆடு. ஆட்டை நாலைந்து குறைத்துப் பாருங்கள், புலிக்குக் கொண்டாட்டம். கூட்டிப் பாருங்கள், புலி நகர இடமிருக்காது. யாரோ ஒரு பாட்டன் ஆடி ஆடிப் பார்த்துத்தான் 15-இல் வந்து நின்றிருப்பான். கேம் டிசைனரின் வேலை அதுதான். புரோகிராம் எழுதவும் படம் வரையவும் பெரிய கம்பெனியில் தனித்தனி ஆள் இருப்பார்கள். ஆட்டம் எங்கே இறுக வேண்டும், எங்கே இளக வேண்டும் என்று முடிவு செய்கிறவன் இவன்.

அந்தக் கணக்கை நம் பிள்ளைகள் எங்கே பார்க்க முடியும்? நம் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில், பாரதக் கூத்தில். விடிய விடிய நடக்கும் கூத்தில் கூட்டம் கண் அசருகிற நேரம் பார்த்துக் கட்டியங்காரன் உள்ளே நுழைந்து சிரிக்க வைக்கிறான் பாருங்கள், அதைக் கவனித்த பிள்ளைக்கு ஆட்டத்தின் வேகத்தைப் பற்றிப் பாதிப் பாடம் முடிந்தது. படுகளத்தன்று மண் உருவமாக மல்லாந்து கிடக்கிற துரியோதனனை ஒரு தரம் சுற்றி வந்தவனுக்கு, இடத்தை வைத்தே கதை சொல்ல முடியும் என்று தெரியும். நாமோ, காலையில் டியூஷன் இருக்கிறது என்று எட்டு மணிக்கே தூங்க வைத்துவிடுகிறோம்.

நம் வீட்டுச் சமையலே ஆட்டமாகியிருக்கிறது. டொரண்டோவில் அபி என்ற தமிழரின் விசை கேம்ஸ் 2023-இல் 'வெண்பா' என்றொரு வீடியோ ஆட்டத்தை வெளியிட்டது. 1980களில் கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ் அம்மாவின் கதை. ஊரிலிருந்து கொண்டுபோன சமையல் நோட்டு அங்கங்கே அழிந்து கிடக்கிறது. இட்லிக்குத் தட்டை எப்படி அடுக்குவது, புட்டுக் குழலில் எது முதலில் என்று ஆடுகிறவர்தான் யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டும். ரேடியோவில் அந்தந்தக் காலத்துத் தமிழ் சினிமாப் பாட்டின் சாயலில் பாட்டு ஓடும். 2024-இல் அறிமுக ஆட்டத்துக்கான பாஃப்டா விருது இதற்குத்தான். சமையல், பாட்டு, ஊரைவிட்டுப் போன ஏக்கம். இவற்றில் எதற்கு மார்க் போடுகிறோம் நாம்?

இந்தத் துறைக்குக் கம்ப்யூட்டர் படிப்பு ஒன்றே வழி இல்லை. 'மரியோ' ஆட்டத்தை உண்டாக்கிய ஷிகெரு மியாமோட்டோ கலைக் கல்லூரியில் பொருள் வடிவமைப்பு படித்தவர். காமிக்ஸ் வரையத்தான் ஆசை. 1977-இல் நின்டெண்டோ கம்பெனியில் அவருக்கு நேர்முகம் கிடைத்தது அப்பா ஒரு நண்பரிடம் சொல்லி வைத்ததால். அவர் கையோடு கொண்டுபோனது தானே செய்த பொம்மைகளை.

நிலையான சம்பளம் என்று நான் ஆசை காட்ட மாட்டேன். 2023-லும் 2024-லும் உலகம் முழுக்க இந்தத் துறையில் ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். ஒரு பட்டத்தை முடித்துவிட்டு வரட்டும்; கலையில் பட்டம் வேண்டுமென்றால் புதுச்சேரியில் பாரதியார் பல்கலைக்கூடம் பஸ் தூரத்தில் இருக்கிறது. அதற்குப் பிறகு பெங்களூரு தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் (என்.ஐ.டி.) டிஜிட்டல் கேம் டிசைன் எம்.டெஸ். உண்டு. ஆட்டம் உருவாக்கும் காடோ (Godot), முப்பரிமாணப் படம் செய்யும் பிளெண்டர் (Blender) இரண்டும் இலவச மென்பொருள்கள். கற்க இன்றைக்கே தொடங்கலாம். கம்ப்யூட்டர் இல்லாவிட்டால் அட்டையும் புளியங்கொட்டையும் போதும், புதிதாக ஓர் ஆட்டம் செய்யச் சொல்லுங்கள். செய்து முடித்தால் எதிரே உட்கார்ந்து ஆடுங்கள், எங்கே சலிக்கிறது என்று சொல்லுங்கள். அவன் கிறுக்கி வைத்த நோட்டுகளைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். கம்பெனியில் வேலை கேட்டுப் போனால் மார்க்‌ ஷீட்டுக்கு முன்னால் அதைத்தான் கேட்பார்கள்.