தராசின் கணக்கு யார் கையில்?

மலையகத் தேயிலைத் தோட்டங்களில் தொழிலாளரைக் கண்காணிப்பது புதிய விடயமல்ல. கங்காணியும் கணக்கப்பிள்ளையும் நெடுங்காலம் செய்த வேலை அது. வெளியாட்கள் தோட்டத்துக்குள் நுழைய முடியாத காலத்தில் கோ. நடேசய்யர் புடவை வியாபாரி போல வேடமிட்டு உள்ளே சென்று தொழிலாளரைச் சந்தித்தார். 1931 இல் ஹட்டனில் அவர் தொழிற்சங்கம் அமைத்தது அந்தக் கண்களைத் தாண்டித்தான்.

இன்று சில தோட்டங்களில் கொழுந்து நிறுப்பது மின்னணுத் தராசு. யார், எந்த நேரம், எத்தனை கிலோ என்ற விபரம் அலுவலகக் கணினிக்குப் போய்விடுகிறது. இதை நான் எதிர்க்கவில்லை. தண்ணீருக்கும் சாக்குக்கும் என்று கிலோக்களைக் கழிப்பதும், குறித்த கிலோ வராத நாளில் 'அரைப்பேர்' போடுவதும் கொழுந்து பறிக்கும் பெண்களின் பழைய முறைப்பாடுகள். நிறுவையில் மோசம் செய்வோரைக் கண்டித்து அல்குர்ஆனில் ஓர் அத்தியாயமே உண்டு. நேர்மையாக நிறுக்கும் தராசை யாரும் வரவேற்பார்கள்.

ஆனால், அந்தப் பதிவு ஒரு பக்கத்தார் கையில் மட்டும் இருந்தால் என்ன ஆகும்? சங்க வேலையாகப் போன மாதர் தலைவி எத்தனை மணி நேரம் மலையில் இல்லை என்பதையும் அதே கணக்குக் காட்டிக் கொடுக்கும். தண்டிக்கக்கூட வேண்டியதில்லை, தண்டிப்பார்களோ என்ற பயமே கூட்டத்துக்குப் போகிறவர்களைக் குறைத்துவிடும். இந்தியாவில் சண்டிகர் துப்புரவுத் தொழிலாளர், தாம் நிற்கும் இடத்தைக் காட்டும் கைக்கடிகாரங்களை எதிர்த்துப் போராடியதை இங்கே நினைத்துப் பார்க்கலாம்.

முன்பு கம்பனிகளும் சங்கங்களும் கூட்டு ஒப்பந்தம் செய்தன. 2021 இல் சம்பள நிர்ணய சபையின் மூலம் நாட்சம்பளம் 1000 ரூபாவானபோது கம்பனிகள் அந்த ஒப்பந்தத்திலிருந்து விலகின. சம்பளத்தைச் சொல்ல வர்த்தமானி இருக்கிறது. தராசைப் பற்றிப் பேச எந்த மேசை இருக்கிறது?

தொழிற்சங்கம் அமைக்கும் உரிமையை நமது அரசியலமைப்பின் 14 ஆம் உறுப்புரை தருகிறது. அந்த உரிமை ஏட்டில் மட்டும் இருந்தால் போதாது. ஒவ்வொரு நிறுவைக்கும் தமிழில் அச்சிட்ட துண்டு தொழிலாளியின் கைக்கு வர வேண்டும். அந்தப் பதிவைச் சம்பளக் கணக்குக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும். புதிய கருவி எதுவானாலும் சங்கத்தோடு பேசிய பின்பே தோட்டத்துக்குள் வர வேண்டும்.

பெற்றோரே, தோழிகளே! நாளை நாங்கள் வேலைக்குப் போகும் இடங்களிலும் கமராவும் கைவிரல் அடையாளக் கருவியும் இருக்கும். எங்களைப் பற்றிய கணக்கை நாங்களும் பார்க்க வேண்டுமானால், அந்த உரிமையை இன்றே தோட்டத்துப் பெண்களுக்காகக் கேட்போம்.