ஆட்டத்துக்குப் போனால் கூலி போச்சு!
தொழிலாளர் கழகங்கள் பிறந்த கதை

திருச்சி காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் தொழிலாளிகள் சிலர் சேர்ந்து ஒரு பந்தாட்டக் கழகம் தொடங்குவதாக வைத்துக்கொள்வோம். தலைக்கு இவ்வளவு என்று போட்டால் பந்து வாங்கிவிடலாம். ஆனால், ஆட நேரம்? இரவில் லாரி வரும். விடியுமுன் மண்டியில் சரக்கை இறக்க வேண்டும். ஒரு நாள் போட்டிக்குப் போனால், ஒரு நாள் கூலி போச்சு!

இதே தொல்லை இங்கிலாந்துத் தொழிலாளர்களுக்கும் ஒரு காலத்தில் இருந்தது. அதிலிருந்து ஒரு புதிய விளையாட்டே பிறந்தது!

அரை நாள் லீவு

1850-ல் அங்கே ஒரு தொழிற்சாலைச் சட்டம் வந்தது. நெசவாலைகளில் பெண்களும் சிறுவர்களும் சனிக்கிழமை பிற்பகல் 2 மணிக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்றது. நாளடைவில் அந்த அரை நாள் ஓய்வு மற்றவர்களுக்கும் பரவியது.

ஓய்வு கிடைத்ததும் கழகங்கள் முளைத்தன. 1878-ல் மான்செஸ்டரில் ரயில் பெட்டிப் பட்டறைத் தொழிலாளர்கள் தொடங்கிய கால்பந்துக் கழகம்தான் இன்றைய மான்செஸ்டர் யுனைடெட்!

வடக்கே சுரங்கத் தொழிலாளர்களும் ஆலைத் தொழிலாளர்களும் ரக்பி ஆடினார்கள். முட்டை வடிவப் பந்து. கையில் எடுத்துக்கொண்டு ஓடலாம். பின்னால் வருகிறவருக்குத்தான் எறியலாம். முன்னால் எறியக் கூடாது.

6 ஷில்லிங்

சனிக்கிழமை காலை வேலை உண்டு. வெளியூர் ஆட்டத்துக்குப் போனால் கூலி கிடையாது. "இழந்த கூலிக்கு ஈடு கொடுக்க வேண்டும்" என்று வடக்குக் கழகங்கள் கேட்டன. 1893-ல் ரக்பி சங்கம் வாக்கெடுத்தது. ஆதரவு 136. எதிர்ப்பு 282!

காசு வாங்காமல் ஆடுவதே கண்ணியம் என்றார்கள் கனவான்கள். வசதி உள்ளவர்களுக்கு அது சரி. கூலிக்காரன் வீட்டில் உலை வைக்க வேண்டாமா?

1895 ஆகஸ்டு 29-ந் தேதி ஹடர்ஸ்ஃபீல்டு நகரின் ஜார்ஜ் ஹோட்டலில் வடக்குக் கழகங்கள் கூடின. தனிச் சங்கம் கண்டன. வேலை இழந்த நாளுக்கு 6 ஷில்லிங் வரை தரலாம் என்று முடிவு செய்தன. 1906-ல் ஆட்டக்காரர் தொகையை 15-லிருந்து 13 ஆகக் குறைத்தன. அதுதான் 'ரக்பி லீக்'.

பழைய சங்கத்தின் ஆட்டத்திலும் 1995-ல் சம்பளம் வந்தது. அதற்கு நூறு ஆண்டு பிடித்தது!

இங்கே எப்படி?

2023 ஏப்ரல் 21-ந் தேதி, 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா தமிழகச் சட்டசபையில் நிறைவேறியது. பலத்த எதிர்ப்பு கிளம்பியது. மே 1-ந் தேதி, அது வாபஸ் என்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் அறிவித்தார். அதுவும் நேரத்துக்காக நடந்த சண்டைதான்.

நேரம் கிடைத்தால் இடமும் வேண்டும். 2020-ல் கொரோனாவால் காந்தி மார்க்கெட் மூடப்பட்டபோது, மொத்தக் காய்கறி வியாபாரம் பொன்மலை ஜி கார்னர் மைதானத்தில் நடந்தது. ஆபத்துக்கு ஒரு மைதானம் கைகொடுத்தது. ஊருக்கு மைதானம் எவ்வளவு அவசியம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

ரயில்வேயும் வங்கிகளும் ஆட்டக்காரர்களுக்கு வேலை கொடுத்து அணிகள் வைத்திருக்கின்றன. அவர்களுக்கு மாதச் சம்பளம் உண்டு. தினக்கூலிக்காரருக்கு அந்தப் பிடிப்பு இல்லை.

மூட்டை சுமக்கும் தோளுக்கும் வாரத்தில் ஒரு நாள் ஆட்டம் வேண்டும். அன்றைக்கும் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும்!